முன்பாத்தியில் பன்னிரண்டு டேலில்லி

2022 ஓகஸ்ட் 2, செவ்வாய்

மருமகள் வத்சலாவுக்கு இன்று ஓய்வு நாள். காலை எட்டு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் முன்பாத்தியில் கிடந்த வெள்ளைக் கற்களை மண்வெட்டியால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டை வாங்கிய வருடம் என் மகன் நிமலன் ஆசையாகப் போட்ட கற்கள். உதவிக்குப் போனேன். "உங்கடை இடுப்புக்கு உது வேண்டாம் மாமா" என்று மறித்துவிட்டாள். ஆகவே நின்று எண்ணினேன். ஐம்பத்திரண்டு வாளி.

கடைசி வாளியைக் கொட்டிவிட்டு, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, உதிலை ஏதும் நடுங்கோ."

"என்ன நட?"

"எனக்கென்ன தெரியும்? பூக்கிறதா இருக்கவேணும். நான் தண்ணி ஊத்தமாட்டன், நேரமில்லை. குளிருக்குச் சாகாததாப் பாருங்கோ. வருசா வருசம் செத்ததைப் பிடுங்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை."

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடாமல்.

எட்மன்டனில் குளிருக்குச் சாகாதது என்பது சிறிய கேள்வி அல்ல. முப்பத்தொரு வருடம் திருகோணமலை வானிலை நிலையத்தில் அவதானிப்பாளராக இருந்தவன் நான். அங்கே நான் பதிந்த மிகக் குறைந்த வெப்பத்துக்கும் இங்கே ஜனவரி மாதத்துக்கும் இடையில் ஐம்பது பாகை வித்தியாசம்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். நிமலன் பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அங்கே அவனோடு வேறொருவர் இருக்கிறார். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதமாட்டேன். ஞாயிறு தோறும் தொலைபேசி எடுத்து, "அப்பா, குளிருக்கு முதல் இஞ்சை வாங்கோ" என்கிறான். செப்டெம்பர் கடைசி என்று நாள் குறித்திருக்கிறான். மகன் இல்லாத வீட்டில் மாமனார் தங்கியிருப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம் இல்லை. வத்சலா ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறந்து சொல்லுகிற பிள்ளையும் இல்லை. நானாக விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு எழுபத்தாறு வயது. இன்னும் விளங்கவில்லை.

ஓகஸ்ட் 4, வியாழன்

நூலகத்தில் நான்கு மணி நேரம். ரோஜா, பியோனி, ஐரிஸ் எல்லாவற்றையும் பார்த்துக் கடைசியில் டேலில்லிக்கு வந்தேன். பூ ஒரு நாள்தான். காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். ஆனால் ஒரு தண்டில் இருபது மொட்டு வரை வரும், ஒன்று போக ஒன்று விரியும். நல்ல மண் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். வேர் கிழங்கு போலத் தடித்திருக்கும். படிக்கப் படிக்க மதிப்புக் கூடியது.

வகைகள் ஆயிரக்கணக்கில். சிலவற்றின் இலை இலையுதிர்காலத்தில் கருகி, செடி மண்ணுக்குள் உறங்கிவிடும். சிலவற்றின் இலை பச்சையாகவே நிற்கும். எது குளிரைத் தாங்கும்? திருகோணமலையில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எந்த மரம் இலையை உதிர்க்காமல் நிற்கிறதோ அதுதான் வலிய மரம். ஆகவே இலை உதிர்க்காதவையே நல்லவை என்று தீர்மானித்தேன். அப்படிப்பட்ட மூன்று வகை, ஓரம் சுருக்கு வைத்த பெரிய பூக்கள், தெற்கே ஒரு பண்ணையின் பட்டியலில் இருந்தன. வத்சலா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனிலேயே அவற்றுக்கு ஓடர் கொடுத்துவிட்டாள்.

"வடிவான பூ மாமா. உது சாகாதோ?"

"சாகாது" என்றேன். இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 5

உச்ச வெப்பம் 29. மழை இல்லை. பாத்தியைக் கொத்தினேன், அரை மணி நேரம் மட்டும்.

ஓகஸ்ட் 13, சனி

துரைசிங்கம் வந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், இங்கே கோயிலில் பழக்கம். வத்சலா வேலைக்குப் போயிருந்தாள். பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஐசே, உதென்ன, புதைகுழியே?"

"பூக்கண்டு நடப்போறன்."

"செப்டெம்பரிலை போற மனிசன் ஓகஸ்டிலை பூக்கண்டு நடுகிறார். நல்ல விளையாட்டு."

தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே குரலைத் தணித்தார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும்.

"நான் சொல்லுறனெண்டு குறை நினையாதையும். மகன் கூப்பிடுறான், போறதுதானே முறை? அந்தப் பிள்ளைக்கு நாப்பத்திநாலு வயசு. அதுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமோ? நீர் குந்திக்கொண்டிருந்தா அது எப்பிடி ஒரு முடிவெடுக்கும்? உம்மைப் பார்த்துப் போங்கோ எண்டு சொல்லுமே? சொல்லாது. நீர்தான் விளங்கவேணும்."

"ஓம்" என்றேன்.

"ரொறன்ரோவிலை குளிரும் குறைவு. உமக்கும் நல்லது, உம்மடை பூக்கண்டுக்கும் நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதனால்தான் அவர் சொல்வது மனதில் நின்றுவிடுகிறது.

ஓகஸ்ட் 17

மூன்று கன்றும் வந்து சேர்ந்தன. நட்டேன். வேரும் இலையும் சேரும் கழுத்து ஒரு அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அடிமட்டம் வைத்து அளந்தேன்.

ஓகஸ்ட் 21, ஞாயிறு

இன்று நீளமாக எழுத வேண்டும்.

பாத்தியில் இடம் மிஞ்சிக் கிடந்தது. கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு அம்மா வயலில் டேலில்லி வளர்த்து விற்கிறார் என்று வத்சலா ஓட்டும் நகரப் பஸ்ஸில் ஏறும் யாரோ சொன்னார்களாம். ஓய்வு நாளில் படுத்துத் தூங்காமல் என்னை அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மாவின் பெயர் ஒலேனா. உக்ரேனியக் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே மண். என்னிலும் ஐந்தாறு வயது மூப்பு இருக்கும். ரப்பர் சப்பாத்து, ஆண்களின் சட்டை. அவருக்குப் பின்னால் நீள நீள வரிசையாகப் பூ. எலுமிச்சை மஞ்சள், செம்பு, சிவப்பு, இளஞ்சிவப்பு. ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு அலுமினியத் தகடு. அதில் பெயரும் நட்ட வருடமும் ஆணியால் கீறியிருந்தன. இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் எந்தத் திணைக்களத்திலும் கண்டதில்லை.

என் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் நீளமான சிரிப்பு.

"இவை மூன்றும் படுக்கத் தெரியாத பிள்ளைகள்" என்றார். "ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தால் எழும்பி இலை விடும். மூன்றாம் நாள் குளிர் வந்து அடித்துப்போடும். இங்கே பிழைக்க வேண்டுமென்றால் நேரத்துக்குச் செத்தது போலக் கிடக்கத் தெரிய வேண்டும். இலை பச்சையாக நிற்பவற்றிலும் ஒன்றிரண்டு தாங்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை இங்கே நட்டுப் பார்த்தவர் சொன்னால் மட்டும் நம்புங்கள். பட்டியலை நம்பாதீர்கள்."

எனக்குக் காது சுட்டது. முப்பத்தொரு வருடம் வெப்பமானி பார்த்தவன், ஒரு செடியின் இலையைப் பார்த்து ஏமாந்தேன். வத்சலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வெட்கப்படுவதைப் பார்க்காதிருக்கத்தான் என்று நினைக்கிறேன். அந்த நயம் எல்லாருக்கும் வராது.

ஒலேனாவின் முறை மிக எளிது. புதிதாக வரும் எந்த வகையையும் நாலு குளிர்காலம் திறந்த வயலில் விடுவார். மூடுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. நாலாம் வருடமும் பூத்தால்தான் விற்பனைக்கு. இன்னொன்றும் பார்ப்பாராம். இங்கே கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். அப்படிக் குளிர்ந்த இரவுக்கு அடுத்த காலையில் பூ முழுதாக விரிகிறதா என்று பார்ப்பாராம். சுருக்கு வைத்த பெரிய பூக்கள் பல பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். "விரியாத அழகு எனக்கு எதற்கு?" என்றார். செப்டெம்பர் நடுவில் பனி விழுந்துவிடுவதால் பிந்திப் பூப்பவையும் வேண்டாம். முந்திப் பூப்பவை, நடுவில் பூப்பவை மட்டும்.

மூன்று வகை தெரிந்தெடுத்தோம், வகைக்கு மூன்று கன்று. ஜூனிலேயே பூக்கும் பழைய எலுமிச்சை லில்லி, நல்ல மணம். குட்டையான பொன்நிற ஸ்டெல்லா டி ஓரோ. உயரமாக வளரும் மஞ்சள் ஹைபீரியன். ஸ்டெல்லாவை எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று தயங்கினேன். "எல்லாரும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார் ஒலேனா. "சாவதில்லை." முட்கரண்டி போன்ற மண்வெட்டியை ஊன்றி, சப்பாத்துக் காலால் ஒரு மிதி மிதித்து, ஒரு பெரிய பற்றையைக் கிளப்பி, கையாலேயே பிரித்தார். எண்பதைத் தாண்டிய கை.

புறப்படும்போது வத்சலாவிடம், "யார் இவர்?" என்று கேட்டார். வத்சலா ஆங்கிலத்தில், "என்னுடைய அப்பா" என்றாள். மாமனார் என்பதற்கு ஆங்கிலச் சொல் நீளம். சுருக்கிச் சொல்லியிருப்பாள்.

ஓகஸ்ட் 22

ஒன்பது கன்றும் நட்டேன். இரண்டு கன்றுக்கு இடையில் பதினெட்டு அங்குலம். என் மூன்றையும் பிடுங்கிவிடவா என்று வத்சலாவிடம் கேட்டேன். "நிக்கட்டும் மாமா. நட்டாச்செல்லே. உதுகளும் பாவம்" என்றாள்.

செப்டெம்பர் 11, ஞாயிறு

நிமலன் தொலைபேசி எடுத்தான். இருபத்தெட்டாம் திகதிக்குப் பயணச்சீட்டுப் போடப்போகிறானாம்.

"தம்பி, கண்டு நட்டது பிந்திப்போச்சு. முதல் வருசம் எண்டபடியா மண் உறைஞ்ச பிறகு மேலாலை சருகு மூடவேணும். நவம்பரிலைதான் உறையும்."

"அப்பா, பூக்கண்டுக்காகவோ?"

"வத்சலாவுக்கு நேரமில்லை."

விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நவம்பர்" என்றான்.

நான் சொன்னது பொய்யில்லை. சருகு மூடத்தான் வேண்டும். ஆனாலும் போனை வைத்தபோது திருடியவன் போல இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது வத்சலாவிடம், "நவம்பர் முடியுமட்டும் நிக்கட்டோ?" என்று கேட்டேன். கையில் கரண்டியோடு கொஞ்சம் நின்றாள். "உங்கடை விருப்பம் மாமா" என்றாள். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். விருப்பத்தோடு சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா என்று தெரியவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 3

குறைந்த வெப்பம் −2. ஒன்பதும் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. என் மூன்றும் பச்சையாக நிமிர்ந்து நிற்கின்றன. பார்க்க இவைதான் வீரர்கள் போல இருக்கின்றன. ஒலேனா பிழையோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நவம்பர் 8

மண் உறைந்துவிட்டது. குச்சியால் குத்தினால் கல்லில் படுவது போல இருக்கிறது. சருகு மூடினேன். பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஒரு காரியம் செய்தேன். செய்தது சரியா தெரியவில்லை.

வத்சலா ஓட்டும் பஸ்ஸில் ஏறினேன். இந்த ஊரில் எட்டு வருடமாக இருக்கிறேன். அவள் வேலை செய்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. மனைவி போனபின் நிமலன் என்னைக் கூப்பிட்ட அந்த வருடம்தான் அவள் பஸ் ஓட்டப் பழகினாள். நான் மற்றவர்களுக்குப் பின்னால் மறைந்து ஏறி, கடைசி இருக்கையில் இருந்தேன்.

நடுவில் மடிகிற நீளப் பஸ். ரோட்டில் பனி கண்ணாடி போலப் படிந்திருந்தது. பாலத்து இறக்கத்தில் முன்னால் போன கார் ஒன்று குறுக்கே வழுக்கித் திரும்பியது. பஸ்ஸில் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அவள் பிரேக்கை அடிக்கவில்லை. மெதுவாக, பிள்ளையின் தலையைத் தடவுவது போல வேகத்தைக் குறைத்து, அந்தக் காரை முட்ட ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினாள். ஒரு கிழவி கைத்தாங்கு வண்டியோடு ஏற வந்தபோது பஸ்ஸைச் சரித்துப் பதித்துக்கொடுத்து, அவர் உட்காரும்வரை நகரவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். முணுமுணுப்பு நின்றது.

கடைசித் தரிப்பில் எல்லாரும் இறங்கினார்கள். நான் குனிந்து இருந்தேன்.

"மாமா, கடைசி ஸ்டொப். இறங்குறியளோ, திரும்பி வாறியளோ?"

முதல் நிமிடத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். கண்ணாடி இருக்கிறது, நான் யோசிக்கவில்லை.

"சும்மா வந்தனான் பிள்ளை."

"சும்மாவோ? ஏதோ சீஐடி மாதிரிக் குந்திக்கொண்டிருந்தியள்." தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதி இடியப்பத்தை மூடியில் வைத்துத் தந்தாள். பத்து நிமிட ஓய்வு. வெளியே பனி கொட்டியது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். நிமலன் இதை ஒருநாளாவது பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன், அழிக்கவில்லை.

நவம்பர் 13

நிமலனுக்குச் சொன்னேன்: எது பிழைத்தது என்று வசந்தத்தில் பார்க்காமல் வந்தால் நட்டதற்கு அர்த்தமில்லை. மே மாதம் வருகிறேன்.

டிசம்பர் 21

காற்று வெப்பம் −34. பாத்தியில் பனி நாற்பது சென்ரிமீற்றர். இலையுதிர்காலத்தில் பதித்து வைத்த குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். பனிக்கும் சருகுக்கும் கீழே மண் −5 மட்டும். இருபத்தொன்பது பாகை வித்தியாசம். பனி கொல்வதில்லை, போர்வையாகக் கிடக்கிறது. மூன்று தரம் பார்த்துப் பதிந்தேன். வத்சலா காலை நாலரைக்கே வேலைக்குப் போய்விட்டாள்.

2023 ஜனவரி 19

விவாகரத்துக்காக நிமலன் வைத்த சட்டத்தரணியிடமிருந்து கடிதம். வத்சலா நின்றபடியே வாசித்தாள், மடித்தாள், பிறகு ஏற்கெனவே கழுவிய சட்டியை இன்னொரு தரம் கழுவினாள். வீட்டைக் கோடைக்கு முதல் விற்க வேண்டுமாம்.

ஜனவரி 22, ஞாயிறு

"வீடு விக்கப்போறம் அப்பா. பேந்து எங்கை இருப்பியள்? அவள் எங்கையும் சின்ன இடமாப் பார்த்துப் போவாள்" என்றான் நிமலன். துரைசிங்கத்திடம் கேட்டேன். "பெரியாள் நீர், கண்ணியமா ஒதுங்கும்" என்றார்.

பெப்ரவரி 5

வத்சலாவிடம் சொன்னேன். நேற்று முழுவதும் யோசித்து வைத்த வசனம்.

"பிள்ளை, கண்டுகள் முளைச்சதைப் பார்த்துப்போட்டு நான் அவனிட்டைப் போறன். அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"சரி மாமா" என்றாள்.

உடனே எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, பனி வழிக்கப் போனாள். எங்கள் வாசல், நடைபாதை, பிறகு பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்த வீட்டு வாசலும். ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளியே −22. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பலம் அவளுக்கு! பாரம் இறங்கிய நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

மே 7, ஞாயிறு

பனி போய்ப் பத்து நாள். சருகை விலக்கினேன்.

எலுமிச்சை லில்லி மூன்றும் முளைத்திருக்கின்றன, விரல் நீளம். ஸ்டெல்லா மூன்றும். ஹைபீரியன் மூன்றும். விசிறி போல இரண்டு பக்கமும் விரிந்து, அவ்வளவு இளம்பச்சை. ஆறு மாதம் செத்தது போலக் கிடந்தவை இப்படி நிமிர்வதை நேரில் பார்க்காதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முழங்காலிட்டு வெகு நேரம் பார்த்தேன்.

என் மூன்றும் கூழ். இலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கையோடு வந்தது. நாற்றம்.

வத்சலா வேலையால் வந்து, சீருடையோடு பாத்தியருகே குந்தினாள்.

"செத்தது எது மாமா?"

"நான் தெரிஞ்செடுத்த மூண்டும்."

"மற்ற ஒன்பதையும் ஆர் தெரிஞ்செடுத்தது?"

"ஒலேனா."

"ஒலேனா காட்டினவ. தெரிஞ்செடுத்தது நீங்கள். நான் பக்கத்திலைதானே நிண்டனான்" என்றாள்.

மே 20, சனி

வீடு விற்றாகிவிட்டது. ஜூன் கடைசியில் கொடுக்க வேண்டும். வத்சலா ஒரு வாடகை வீடு பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கீழ்த்தளம், இரண்டு அறை, சமையலறையோடு பின்கதவு, அதற்கப்பால் கிழக்குப் பார்த்த ஒரு துண்டு நிலம்.

"மாமா, உதிலை எத்தினை மணித்தியாலம் வெயில் படும்?"

வேலியின் உயரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். "ஆறு, ஆறரை. டேலில்லிக்குப் போதும்."

"அப்ப சரி" என்று வீட்டுக்காரரிடம் உடனே ஒப்புக்கொண்டாள். வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இரண்டாவது அறை எதற்கு என்று கேட்க வாய் வந்தது. அவளுடைய தோழிகள் வந்து தங்கக்கூடும். கேட்கவில்லை.

ஜூன் 11

ஒன்பது பற்றையையும் மண்ணோடு கிளப்பிப் புது இடத்தில் நட்டோம். ஒலேனா மிதித்தது போலவே வத்சலாவும் மண்வெட்டியை மிதித்தாள். எலுமிச்சை லில்லி மொட்டோடு இருந்தது, ஆனாலும் வாடவில்லை. நான் கட்டாயம் பூவைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று நிமலனிடம் சொன்னேன். "ஜூலை பதினாறு. அதுக்கு மேலை இல்லை. நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.

ஜூன் 19

எலுமிச்சை லில்லியில் முதல் பூ. இரவு 7 பாகை, ஆனாலும் முழுதாக விரிந்தது. வத்சலா முழங்காலில் குனிந்து மணந்து பார்த்தாள்.

ஜூலை 16, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை. இன்று ஹைபீரியனில் ஐந்து பூ. உள்ளங்கையிலும் பெரிது.

என் பெட்டியை நேற்று வத்சலாவே அடுக்கினாள். சட்டைகள் தேய்த்து, மருந்து மூன்று மாதத்துக்குப் பிரித்து, ஒவ்வொரு பொதியிலும் காலை, இரவு என்று எழுதி. காலையில் நான் என் பட்டியலோடு சரிபார்த்தேன். பட்டியலில் நாற்பத்தொரு பொருள். பெட்டியில் முப்பத்தெட்டு. குளிர்க் கோட்டு இல்லை. கம்பளித் தொப்பி இல்லை. பனிச் சப்பாத்து இல்லை.

வத்சலா எதையும் மறப்பவள் அல்ல. ரொறன்ரோவிலும் குளிர்காலம் உண்டு, அது அவளுக்குத் தெரியும். தேடினேன். பின்கதவுக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டும் உயரத்தில் புதிதாக ஒரு கொழுக்கி அடித்து, கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பைக்குள் தொப்பி. கீழே சப்பாத்து. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே பாதத்துக்குப் புதுக் கம்பளித் தட்டு வைத்திருந்தது. ஜூலை மாதத்தில்.

அங்கேயே ஒரு நாற்காலியில் இருந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் கருவி காட்டியதை நம்பி எழுதியவன் நான். இதற்கு மேல் எதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

பன்னிரண்டு மணிக்கு நிமலன் வந்தான். மெலிந்திருக்கிறான். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"வெளிக்கிட்டியளோ அப்பா? பிளேன் மூண்டரைக்கு."

"இரு, தேத்தண்ணி குடி."

"நேரமில்லை. பெட்டி எங்கை?"

"தம்பி, நான் வரேல்லை."

"என்னப்பா?"

"நான் இஞ்சை நிக்கிறன்."

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே வத்சலா சீருடையோடு, எங்களுக்கு முதுகு காட்டியபடி, சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூடி பொருந்தவில்லை போலும், திரும்பத் திரும்ப அமர்த்தினாள்.

"அவள் இப்ப உங்களுக்கு என்ன முறை? கையெழுத்தெல்லாம் வைச்சு முடிஞ்சுது. மகன் இருக்க மருமகளோடை போய் இருக்கிறார் எண்டு சனம் என்னைப் பற்றி என்ன சொல்லும்?"

"உன்னைப் பற்றிச் சொல்லுறதைத்தான் சொல்லும்" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். எழுதும்போதும் நம்ப முடியவில்லை. அவன் முகம் சிறுபிள்ளையில் இருந்தது போல ஆகிவிட்டது. கையைப் பிடித்தேன். "நீ வா. எப்பவும் வந்து என்னைப் பார். நான் உன்ரை அப்பாதான். ஆனா இருக்கிறது இஞ்சை" என்றேன். அவன் கையை இழுக்கவில்லை. பிறகு பெட்டியைத் தொடாமல் போனான். கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து வத்சலாவிடம், "உனக்குப் பாரமில்லையெண்டால்..." என்று தொடங்கினேன்.

அவள் திரும்பினாள்.

"பாரமோ? மாமா, உங்களுக்கு வாய் எதுக்குத் தந்தது? மண்ணுக்கை தேர்மாமீற்றர் விட்டுப் பாக்கத் தெரியுது, மனிசரிட்டை ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதோ? நவம்பர் மட்டும், மே மட்டும், ஜூலை மட்டும் எண்டு பூக்கண்டைச் சாட்டிச் சாட்டி... நான் ஒவ்வொரு முறையும் நாள் எண்ணிக்கொண்டு பஸ் ஓடினனான்! ரெண்டாவது அறை ஆருக்கெண்டு நினைச்சியள்? துரைசிங்கம் அங்கிளுக்கோ?"

"நீயும் கேக்கேல்லையே பிள்ளை."

"நான் எப்பிடிக் கேக்கிறது? தகப்பனையும் மகனையும் பிரிச்சு வைச்சிருக்கிறாள் எண்டு ஒரு சொல் வந்தா ஆர் தாங்கிறது? நீங்கள் எல்லோ சொல்லவேணும்! ஒரு வருசம் மாமா! ஒரு வருசம்!"

அழுதாள். அழுதபடியே நேரத்தைப் பார்த்தாள். வேலைக்குப் பிந்திவிட்டது. சப்பாத்து நாடாவைக் கட்டும்போதும் ஏசினாள். சோறு எங்கே இருக்கிறது, கறி எங்கே இருக்கிறது, மருந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும், இன்று போட்டீர்களோ இல்லையோ, இந்த வயதில் இவ்வளவு பிடிவாதம் யாருக்கு உண்டு என்று ஒன்றோடொன்று கலந்து வந்தது. எட்டு வருடத்தில் ஒருநாளும் அவள் என்னோடு குரல் உயர்த்தியதில்லை. எப்போதும் மரியாதை, எப்போதும் "சரி மாமா". இன்று முகம் சிவந்து, கையை வீசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் ஏசியது எவ்வளவு அழகாக இருந்தது என்று எழுத எனக்குச் சொல் போதாது.

நடைபாதையில் இறங்கியும் ஏசினாள். கார்க் கதவைத் திறந்தும் ஏசினாள். பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி இன்னும் ஏதோ சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திப் பார்த்தார். நான் உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன்.